நாசிக் ஒயின் தோட்டங்களும் ஒரு கடன் கணக்கும்

தீபாவளிக்கு முன்னால ரெண்டு நாள் லீவு, கையில் கார், எங்கே போகலாம்? மும்பை, புனே பக்கம் இருக்கிற நம்மாளுங்க கேட்டா நான் சொல்ற பதில் நாசிக். "ஒயின் ஊருக்கா குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறது?" என்று வீட்டுப் பெரியவங்க முகம் சுளிப்பாங்க. த்ரயம்பகேஸ்வரர் தரிசனமும் உண்டுன்னு சொல்லிட்டா பாதி எதிர்ப்பு அடங்கிடும் :-) நானும் மோர் தாண்டாத ஆசாமிதான். எனக்கு அந்த ஊர் பிடிச்சதுக்குக் காரணம் அதன் கதை.

மகாராஷ்டிராவில் மதுவுக்கான சட்டம் இன்றைக்கும் 1949ல் வந்த மதுவிலக்குச் சட்டம்தான். லைசென்ஸ், பெர்மிட் எல்லாம் அதன் கீழேதான் வரும். அப்படிப்பட்ட மாநிலத்தில், 1980களில் புனே - நாசிக் சாலையில் இருக்கிற நாராயண்காவ்ல ஷாம்ராவ் சௌகுலே என்பவர் பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு நுரைக்கும் ஒயின் தயாரித்தார். வெளிநாட்டில் அது 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் விற்பனையானது.

நாசிக் விவசாயிகள் அப்போது தாம்சன் சீட்லெஸ் மாதிரி சாப்பிடுகிற திராட்சைதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஆரக்கிள் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சமந்த், குடும்ப நிலத்தில் 1997ல் ஷெனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் கொடிகளை நட்டார். 2000ல் 'சுலா' முதல் ஒயின் வெளிவந்தது. அடுத்த வருஷமே, 2001ல், மாநில அரசு திராட்சை பதனிடும் தொழில் கொள்கையைக் கொண்டுவந்து கலால் வரிச் சலுகை கொடுத்தது. விஞ்சூரிலும் சாங்லி மாவட்டம் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் வந்தன. ஆலைகள் மளமளவென்று முளைத்தன. விவசாயிகளும் நம்பி கொடி மாற்றினார்கள்.

இந்த இடத்தில்தான் என் பேங்க் புத்தி விழித்துக்கொள்ளும். திராட்சைக் கொடி நட்டால் ஒழுங்கான மகசூலுக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். கம்பி, கல்தூண், சொட்டுநீர் என்று எல்லாச் செலவும் முதலிலேயே. தாம்சன் விலை சரிந்தால் உலர வைத்து கிஸ்மிஸாகவாவது விற்கலாம். ஒயின் திராட்சை சின்னது, கொட்டை உள்ளது, தோல் தடிமன். பழக்கடையில் யார் வாங்குவார்கள்? ஆலை வாங்காவிட்டால் அந்த விவசாயிக்கு வேறு சந்தையே கிடையாது. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

பயந்தது நடந்தது. 2008ல் உலகப் பொருளாதார நெருக்கடி, நவம்பரில் மும்பை தாக்குதல். ஹோட்டல்கள் காலியாகின. 2009ல் தொட்டிகளில் ஒயின் தேங்கி நின்றது. வாங்க ஆளில்லாமல் பலர் கொடியையே பிடுங்கிப் போட்டார்கள். நாராயண்காவின் முன்னோடி நிறுவனமும் கடனில் மூழ்கியது. தப்பியவர்களில் சுலா பெரியது. 2005லேயே தோட்டத்தில் சுவைக்கும் கூடம் திறந்து, ஜனங்களை அங்கேயே வரவழைத்தது. 2013ல் பிரான்ஸின் ஷாண்டோனும் களமிறங்கியது. 2022 டிசம்பரில் சுலா பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

இனி பயணத் திட்டம். மும்பையிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சம்ருத்தி விரைவுச் சாலையின் கடைசிப் பகுதி 2025 ஜூனில் திறந்தாகிவிட்டது, ஆனாலும் போகும்போது பழைய கசாரா காட் வழியே ஏறுங்கள். மழை முடிந்த பச்சை கண்ணை நிறைக்கும். இகத்புரியில் டீ, நாசிக் வந்ததும் கங்காபூர் அணை ஓரத் தோட்டங்கள், மறுநாள் த்ரயம்பக். ருசி பார்க்க ஆசைப்படுகிறவர் கார் சாவியை மற்றவரிடம் கொடுத்துவிடவும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவில் திராட்சை அறுவடை. நாசிக்கில் அப்போது பழம் இருக்காது. ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் - அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவதை மராத்தியில் 'கோடி சாட்டணி' என்பார்கள், இனிப்புக் கவாத்து. அதில் வரும் காய்தான் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பழுக்கும். வருஷம் முழுக்க பன்னீர் திராட்சை பறிக்கிற நம்ம கம்பம்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பழம்தான் பார்க்கணும் என்றால் பிப்ரவரியில் போங்கள்.

ஆனால் நான் அக்டோபரைத்தான் சொல்வேன். மொட்டைக் கொடிகளுக்கு நடுவே கத்தரியோடு நிற்கிற விவசாயியிடம் பேச நேரம் கிடைக்கும். "யாருக்கு விக்கறீங்க? ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு?" என்று கேளுங்கள், குழந்தைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. எந்தக் கண்ணாடிக் கோப்பையும் சொல்லாத விஷயம் அவர் பதிலில் இருக்கும்.