தகரப் பெட்டியும் தாள்களும்
(கேமரன் மலை நினைவுகளோடு ஒரு வரலாற்று நோக்கு)

தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஏக்கர் கணக்கையும் ராத்தல் கணக்கையும் எழுதி அமைவர். தொழிலாளியின் தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்பார் அரியர். அப்பெட்டியின் அடியில், கூறைப்புடவைக்கும் கீழே, துணியில் சுற்றி வைத்த சில தாள்கள் கிடக்கும். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், ஊரிலிருந்து வந்த கடிதம், அடையாள அட்டை ஆகியவை அவை. அத்தாள்களை எழுதியவர் யார், படித்தவர் யார், அவை யார் கையில் இருந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆவணத்தைக் காக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. பெரிய புராணத்தில் சுந்தரரின் வழக்கை நம் மாணவர் நன்கறிவர். மணப்பந்தலில் முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படி ஓலையே. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே அவையோர் தீர்ப்புரைக்கின்றனர். மூலத்தைக் காத்துப் படியை மட்டும் வெளியே காட்டுதல், கையெழுத்தைச் சரிபார்த்தல் ஆகிய இரண்டும் அன்றே நடைமுறையில் இருந்தன என்பதற்குச் சேக்கிழார் வாக்கே சான்று. பக்திச் சுவைக்காக மட்டும் இப்பகுதியை நடத்தும் ஆசிரியர்கள் இதனையும் ஒருமுறை சுட்டிக்காட்டலாம்.

ஆயினும் கடல் கடந்த தமிழர்க்குத் தாள் என்பது வேறு முகம் காட்டிற்று. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தனை ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதித் தருவது அது. கடனோ தொழிலாளியின் தலைமேல். சீட்டோ துரைக்கும் கங்காணிக்கும் இடையே கை மாறுவது. தன்னைப் பற்றி எழுதப்பட்ட தாளைத் தானே படிக்கவும் வைத்திருக்கவும் இயலாத நிலையில் அம்மக்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் பெயர்ந்தனர். 1921ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வழக்கத்தை ஒழித்தது.

கேமரன் மலையின் கதை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே.ஏ. ரசல், இலங்கைத் தேயிலை அனுபவமுடைய ஏ.பி. மில்னுடன் கூடிப் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மலைப்பாதை வந்தது. தமிழ்த் தொழிலாளர் சரிவுகளில் காடழித்துக் கன்று நட்டனர். 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடுத்தபின், ஊருக்கும் மலைக்கும் இடையே பெரிதும் எஞ்சிய தொடர்பு கடிதம் ஒன்றே.

அக்கடிதமும் நேரே வருவதில்லை. தோட்ட அலுவலகத்துக்கு வந்து, கிராணியின் மேசையைக் கடந்து, எழுத்தறிந்த ஒருவரின் வாய்வழியே காதுக்கு எட்டும். நான் சிறுவனாய் இருந்தபோது, பெயர் சொல்ல வேண்டாத ஒரு தோட்டத்தில், ஓர் அம்மையாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. மகளின் வாழ்வு முறிந்த செய்தி அது. மறுநாள் கொழுந்து நிறுக்குமிடத்தில் அச்செய்தி எல்லார் வாயிலும் இருந்தது. அதன்பின் அந்த அம்மையார் எவரிடமும் கடிதம் கொடுத்ததில்லை. பிரிக்காத உறைகளாகவே பெட்டியில் சேர்த்து வைத்தார். குற்றம் படித்துச் சொன்னவருடையதா, அவருக்கு எழுத்தறிவைத் தராத காலத்தினுடையதா என்று இன்றும் என்னால் முடிவு கட்ட இயலவில்லை.

தாளின் மதிப்பு உயிரோடு பிணைந்தது 1948இல். அவசரகாலம் பிறந்தவுடன் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவர்க்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அட்டையின்றி வெளியே சென்றவனைப் படையினர் ஐயுற்றனர். அட்டையோடு சென்றவனிடமிருந்து காட்டிலிருந்தோர் அதனைப் பறித்து அழித்ததும் உண்டு. இடையில் நின்றவன் தோட்டத் தொழிலாளி.

1957இல் விடுதலை வந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர்க்கு ஓராண்டுக் காலம் மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கும் இருந்தது. எனினும் பிறப்புக்கும் வசிப்புக்கும் சான்று வேண்டுமே! பிறந்த குழந்தையைப் பதியாதவர் உண்டு. பெயரைப் பிழைபட எழுதுவித்தவர் உண்டு. நம் பாரத்தைக் கிராணி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டவரும் உண்டு. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமகன் அல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டை வேண்டியபோது அந்த அசட்டைக்கு விலை கொடுக்க நேர்ந்தது. பல்லாயிரவர் கப்பலேறினர். தங்கியோரிலும் சிலர் சிவப்பு அட்டையோடே வாழ்ந்து முடிந்தனர்.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கம் கருதத்தக்கது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் சொன்னதை அவர் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது என்கிறது. அடுத்த பிரிவு வழக்கறிஞரின் எழுத்தரையும் மொழிபெயர்ப்பாளரையும் அவ்வாறே கட்டுப்படுத்துகிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வழிவந்த விதிகள் இவை. வழக்கறிஞரையே காணாத மலைத்தோட்டத்தில் மனு எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் இவ்விதிக்குள் வரவில்லை. ஏழையின் மறைபொருளுக்கு அவர்தம் நல்ல மனமே காவல். நல்ல மனத்தோர் பலர் இருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்று வழக்கறிஞரும் கணக்காளரும் மருத்துவரும் தம்மை நாடி வருவோரோடு கோப்புகளைக் கணினி வழியே பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்ள உதவும் புதிய நிறுவனங்கள் தோன்றியுள்ளன. இவற்றின் அடிப்படை 1970களில் உருவான திறவுகோல் முறை. பூட்டை ஊரார் அனைவர்க்கும் கொடுத்துவிடலாம்; திறக்கும் சாவி உரியவரிடம் மட்டும் இருக்கும். கோப்பை யார், எப்போது திறந்தார் என்பதும் பதிவாகும். ஆனால் சாவியின் படி ஒன்றை நிறுவனமே வைத்திருக்குமாயின், அது பழைய கிராணியின் மேசைதான். இத்தகைய சேவையை நாடும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சாவியைப் பற்றியதே. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வணிக நிறுவனங்களை அது கட்டுப்படுத்தும்.

மலையில் கொழுந்து பறிக்கும் கைகளும் இன்று மாறிவிட்டன. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர் வந்து உழைக்கின்றனர். பிறர் கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். அயல்நாட்டுத் தொழிலாளி ஒருவரைச் சந்திக்கும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, உன் கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது?" சட்டைப்பையைத் தொட்டுக் காட்டுவோர் சிலர். அலுவலகம் இருக்கும் திசையைக் காட்டுவோரும் இருக்கின்றனர்.