கோலத்தில் எழுத்து வந்தபோது

பரமத்தி வேலூரில் நான் வளர்ந்த தெருவில் சுவரில் எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். தேர்தலுக்கு வெகு முன்பே ஏணியும் சுண்ணாம்பு வாளியுமாக இரவில் வந்து, சுவரை வெள்ளையடித்து, கட்சியின் பெயரையும் பக்கத்தில் ‘ரிசர்வ்’ என்ற சொல்லையும் எழுதிவிட்டுப் போவார்கள். பொது இடங்களை இப்படி அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959 முதல் ஒரு சட்டம் இருக்கிறது என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது, எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதுண்டு. வீட்டுக்காரியிடம் கேட்டதாக நினைவில்லை. நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டும் லாரிகளில் தாமரையும் மயிலும் பிள்ளைகளின் பெயரும் வரைகிறவர்களும் ஆண்கள்தாம். பெண்களுக்கு வாசலுக்கு முன்னால் ஐந்தடி மண் இருந்தது. விடியுமுன் அதில் போட்டதைப் பத்து மணிக்குள் ஆடும் சைக்கிளும் மிதித்துவிடும். மறுநாள் சாணித் தண்ணீர் மிச்சத்தையும் அழித்துவிடும்.

அதனாலேயே கோலத்தை யாரும் பேச்சாக எண்ணவில்லை. ஆனால் அது தெருவுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தது. துக்க வீட்டு வாசல் வெறுமையாக இருக்கும். மாதவிலக்கு நாள்களில் அம்மா கோலப்பொடியைத் தொடமாட்டார். நான் இழுத்த கோணல் சிக்கைப் பார்த்தே எதிர்வீட்டு அத்தைக்கு விஷயம் தெரிந்துவிடும். சித்தப்பா இறந்த பிறகு சித்தி கோலம் போடுவதை விட்டுவிட்டார். போடக்கூடாதென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, ஏன் போடவில்லையென்று கேட்டதும் இல்லை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பெரிய வீடுகளில் வாசல் கூட்டிச் சாணி தெளிப்பவர் ஒருவர், கோலம் போடுபவர் வேறொருவர். தெளிப்பவர் ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து வருவார். கோலத்தைப் பெண்களின் கலை என்று கொண்டாடும் கட்டுரைகள் (நானும் ஒன்றிரண்டு எழுதியிருக்கிறேன்) அந்தத் துடைப்பத்தைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகின்றன.

கோலத்துக்கு இலக்கணம் உண்டு என்று முறையாக எழுதியவர்கள் கணிதக்காரர்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை, புள்ளிக் கோலங்களைப் படங்களால் ஆன மொழியாகக் கொண்டு அதன் விதிகளை வகுத்தது. கோலம் ஒரு மொழி என்று நம் காவல்துறை ஒப்புக்கொள்ள மேலும் 45 ஆண்டுகள் ஆயின.

2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்குக் குடியுரிமைக்கு வழிவிட்ட அந்தச் சட்டத்தில் இஸ்லாமியர் இல்லை. நம் மாவட்டங்களின் முகாம்களில் பல்லாண்டுகளாக இருந்துவரும் இலங்கைத் தமிழருக்கும் அதில் இடமில்லை. அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது. 15ஆம் தேதி தில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்துக்குள் போலீஸ் புகுந்தது. 19ஆம் தேதி மங்களூரில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலும் உயிர்கள் போயின. நாடே கொதித்துக்கொண்டிருந்த அந்த நாள்களில், 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னை பெசன்ட் நகரில் சில பெண்கள் தெருவில் உட்கார்ந்து கோலம் போட்டார்கள். மார்கழி மாதம். அந்த நேரத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் அதைவிடச் சாதாரணமான காட்சி வேறில்லை. ஆனால் அவர்கள் கோலத்தோடு எழுத்தும் சேர்த்திருந்தார்கள்: சி.ஏ.ஏ. வேண்டாம், என்.ஆர்.சி. வேண்டாம்.

போலீஸ் அவர்களைப் பிடித்துச் சென்றது. கேட்கப் போன வழக்கறிஞர்களையும் பிடித்தது. அனுமதி வாங்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு விட்டுவிட்டார்கள் என்றாலும், சில நாளில் கோலமிட்டவர்களில் ஒருவருக்குப் பாகிஸ்தான் தொடர்பு உண்டா என்று விசாரிப்பதாகக் காவல் ஆணையர் செய்தியாளர்களிடம் சொன்னார். இத்தனை நூற்றாண்டாக எந்த அனுமதியும் கேட்கப்படாத செயல் அது. பூவும் தேரும் கிளியும் போடும்வரை தெரு எங்களுடையதாகவே விடப்பட்டிருந்தது.

மறுநாள் தி.மு.க. தலைவர்களின் வீட்டு வாசல்களில் அதே வாசகங்களோடு கோலங்கள் வந்தன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆயினும் செய்திகளைப் படிக்கையில் ஒன்று உறுத்தியது. அது யார் வீட்டு வாசல் என்பதுதான் தலைப்பாக இருந்தது. புள்ளி வைத்த பெண்களின் பெயர்களை நான் பார்த்த எந்தச் செய்தியிலும் காணவில்லை. அடுத்த பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் தடியடிக்குப் பிறகு இஸ்லாமியப் பெண்கள் இரவும் பகலும் தெருவில் அமர்ந்தபோதுதான் அந்த உறுத்தல் சற்றுக் குறைந்தது. அங்கே வாசல் எவருக்கும் சொந்தமாக இல்லை. மார்ச் மாதத்தில் கொரோனா வந்தது. தில்லி ஷாஹீன் பாக்கில் பெண்கள் அமர்ந்திருந்த இடத்தை 24ஆம் தேதி போலீஸ் அகற்றியது. ஜாமியாவின் சுவரோவியங்கள் மேல் வெள்ளை பூசப்பட்டது.

இடையில் ஒரு பொங்கல் வந்தது. 2020 ஜனவரி. நான் அப்போது வேலை பார்த்த கல்லூரியில் வழக்கம்போல் கோலப் போட்டி, வழக்கத்துக்கு மாறாகத் தலைப்புப் பட்டியல்: நீர் சேமிப்பு, பெண் கல்வி, தேசிய ஒற்றுமை. நடுவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒற்றுமையைத் தேர்ந்துகொண்டாள். கைகோத்து நிற்கும் மூன்று பெண்கள், ஒருத்தியின் தலையில் துப்பட்டா. கீழே ஊதாப் பொடியில், ‘நாங்க எல்லாம் இந்த ஊருதான்’ என்று எழுதியிருந்தாள். சட்டத்தின் பெயர்கூட இல்லை. விருந்தினர் வருமுன் அதைச் சரிசெய்யச் சொல்லி மேலிருந்து தகவல் வந்தது. அவளிடம் போய்ச் சொன்னது நான்தான். “கடைசி வரிய மட்டும் அழிச்சுரு கண்ணு. படம் நல்லாத்தான் இருக்குது.”

அவள் வாதாடவில்லை. “சரிங்க மேடம்” என்றாள். ஓரமாக நின்றிருந்த துப்புரவுப் பணியாளர் அக்காவிடமிருந்து துடைப்பத்தை வாங்கி, வரியோடு படத்தையும் முழுதாகக் கூட்டித் தள்ளினாள். ‘நான் கூட்டறனே சாமி’ என்று கையை நீட்டிய அக்காவிடம் துடைப்பத்தைத் தரவில்லை.

முதல் பரிசு நீர் சேமிப்புக்குப் போனது. மதிப்பெண் தாளில் அவளுடைய எண்ணுக்கு நேரே ‘பங்கேற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.