அடுக்குச் சாலட்டும் 18 டாலரும்

மலருக்கு ஆளுக்கொரு சமையல் குறிப்பு எழுதித் தாங்கன்னு கேட்டதும், "இதெல்லாம் போய் எழுதுற விஷயமா?" என்று நம்மில் பாதிப் பேர் சிரிச்சோம். எனக்கு அப்போ அமெரிக்கப் பெண்கள் செய்யும் ஒரு சாலட்டின் கதை ஞாபகம் வந்தது. அதைச் சொல்றேன், கேளுங்க சகோதரிகளே.

சாலட் என்றால் பச்சைக் காய்கறிக் கலவை. நம்ம வெங்காயப் பச்சடிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் அங்கே 'ஏழு அடுக்குச் சாலட்' என்று ஒன்று உண்டு. அதைப் பரிமாறும் வரைக்கும் கலக்கவே மாட்டார்கள். பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் நறுக்கிய லெட்யூஸ். பார்க்க முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் கீரை அது. அதன் மேல் செலரித் தண்டு, வெங்காயம், பச்சைப் பட்டாணி, அவித்த முட்டை என்று ஒவ்வொரு அடுக்காக வரும். எல்லாத்துக்கும் மேல் மயோனைஸ். முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடித்த கெட்டிக் கலவை அது. அதைக் கிண்ணத்தின் ஓரம் வரைக்கும் இடைவெளி விடாமல் மெழுகிவிடுவார்கள். பிறகு துருவிய சீஸ், வறுத்த பன்றி இறைச்சித் துண்டு. மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்கள்.

ஏன் இந்த அடுக்கு? வெள்ளரிக்காயில் உப்புப் போட்டு வெச்சா என்ன ஆகும்? தண்ணி விட்டுத் துவண்டு போகும். லெட்யூஸும் அப்படித்தான். அது அடியில், மயோனைஸ் உச்சியில், நடுவில் மற்ற காய்கள். ஒன்றையொன்று தொடாததால் மறுநாளும் மொறுமொறுன்னு இருக்கும். ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்ட விடியக்காலம் எழுந்தவங்களுக்கு இதன் அருமை தெரியும். வேலை முதல் நாளே முடிஞ்சுடுது. வீட்டுக்கொரு பண்டம் கொண்டுவந்து மரத்தடியில் கூடிச் சாப்பிடும்போது, செஞ்சவளும் எல்லாரோடவும் உட்காரலாம்.

இதுக்கு ஃபிரிட்ஜ் வேணும். 1912-இல் நியூயார்க்கில் பாட்டில் மயோனைஸ் விற்பனையில் இருந்தது. உறைய வைத்த பட்டாணி 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்த பிறகு, 1950களுக்கு அப்புறம், இந்தச் சாலட் ஊர் ஊராகப் பரவியது. கண்டுபிடித்தவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. பரவியதில் பெரும்பங்கு பெண்கள் சங்கங்கள் சேர்ந்து அச்சடித்த சமையல் புத்தகங்களுக்கு.

அந்தப் புத்தகங்களின் கதை இன்னும் பழசு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக 1864-இல் பிலடெல்பியாவில் ஒரு சந்தை நடந்தது. அதில் மரியா மோஸ் என்ற பெண் தன் சமையல் புத்தகத்தை விற்று நிதிக்குக் கொடுத்தார். பிறகு தேவாலயக் கூரைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று ஆயிரக்கணக்கான புத்தகங்கள் வந்தன.

எனக்குப் பிடிச்சது மில்வாக்கி நகரத்துக் கதை. அங்கே லிஸ்ஸி பிளாக் காண்டர் என்பவர், பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே நேரம் போனதால், பாடத்தை அச்சடிக்க நிர்வாகக் குழுவிடம் 18 டாலர் கேட்டார். குழுவில் இருந்த ஆண்கள் தர மறுத்துவிட்டார்கள். லாபம் வந்தா எங்களுக்கும் பங்கு கொடுங்கன்னு கிண்டல் வேற! நாமும் இந்த மாதிரிச் சிரிப்பைக் கேட்டவங்கதானே. காண்டரும் தோழிகளும் கடைகடையாக விளம்பரம் பிடித்து, 1901-இல் 1,000 பிரதி அச்சடித்தார்கள். வந்த லாபம் வகுப்புகளுக்கும், பின்னால் புதுக் கட்டடத்துக்கும் போனது. அந்தப் புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஒரு குறை மட்டும் மனசை உறுத்துது. பழைய சங்கப் புத்தகங்கள் பலவற்றில், குறிப்புக்கு அடியில் 'திருமதி' என்று போட்டு, பக்கத்தில் புருஷன் பேரைத்தான் அச்சடித்திருப்பார்கள். அடுக்கு அடுக்காக வைத்தவளின் சொந்தப் பேர் என்னவோ!

நான் கொள்ளுத் துவையல் எழுதிக் கொடுத்துட்டேன். அடியில் என் பேரும் குழுப் பேரும் இருக்கு. இன்னும் தராதவங்க சீக்கிரம் கொடுங்க.