பிள்ளை யாரிடம்? அன்னி பெசன்ட்டின் இரண்டு வழக்குகள்

1913-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கை ஊரே கவனித்தது. வழக்குப் போட்டவர் ஜி. நாராயணய்யா. ஓய்வுபெற்ற அரசு அலுவலர், மனைவியை இழந்தவர். பிரதிவாதி, அடையாறு பிரம்மஞான சபையின் தலைவி அன்னி பெசன்ட். நாராயணய்யாவின் வேண்டுகோள் ஒன்றுதான்: “என் இரண்டு மகன்களையும் என்னிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.” அவருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. 65 வயதில் தானே எழுந்து நின்று வாதாடினார்.

பிள்ளைக்காக அவர் கோர்ட்டில் நின்றது அது முதல் தடவை அல்ல.

35 ஆண்டுகளுக்கு முன்பு, 1878-இல், லண்டனில் அவர் இதேபோல் தனியாக வாதாடியிருந்தார். அப்போது வழக்கு அவர் பெற்ற மகள் மேபலைப் பற்றியது. பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரை அன்னி மணந்தது 1867-இல். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். நாளடைவில் அன்னிக்குக் கிறித்தவ நம்பிக்கை அற்றுப்போனது. நற்கருணை வாங்க மறுத்தார். வாங்கு, இல்லையேல் வீட்டை விட்டுப் போ என்று நெருக்கடி வந்தபோது, 1873-இல் அவர் வெளியேறினார். பிரிந்து வாழ்வதற்கான பத்திரம் எழுதினார்கள். மகன் தகப்பனிடம், மகள் தாயிடம் என்று ஏற்பாடு. அன்னிக்கு மாதாமாதம் சிறிய ஒரு ஜீவனாம்சத் தொகை.

விவாகரத்து ஏன் இல்லை? இங்கிலாந்தின் 1857-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவியின் தகாத உறவை நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை கிடைக்கும். மனைவிக்கோ அது மட்டும் போதாது. கணவனின் தகாத உறவோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். மனம் ஒத்துப்போகவில்லை என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆகவே பிரிந்து வாழ்ந்தாலும், பிராங்க் 1917-இல் இறக்கும்வரை இருவரும் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவிதான். அந்தப் பாரபட்சமான விதி 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் வழியாக இந்தியக் கிறித்தவர்களுக்கும் வந்துசேர்ந்தது. அது நீங்க 2001 வரை ஆயிற்று.

பிள்ளைகள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். தகப்பன்தான் பிள்ளைக்கு உரியவன். தாய்க்கு உரிமை கிடையாது என்பதே பழைய ஆங்கிலச் சட்டம். 1836-இல் கணவனிடம் மூன்று மகன்களைப் பறிகொடுத்த எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் விடாமல் எழுதிப் போராடினார். அதன் பலனாக வந்த 1839-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படி தாய் மனுப்போட வழி செய்தது. 1873-இல் அந்த வயது வரம்பு 16 ஆக உயர்ந்தது.

அன்னிக்கு அந்தச் சட்டமும் உதவவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய ஒரு சிறு நூலை நாத்திகப் பிரசாரகர் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக 1877-இல் அவர்மீது வழக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிராங்க் நீதிமன்றம் போனார். இப்படிப்பட்ட நூலை வெளியிட்டவள், மகளுக்கு மத போதனை தர மறுப்பவள், பெண் குழந்தையை வளர்க்கத் தகுந்தவள் அல்ல என்பது வாதம். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் அதை ஏற்றார். சிறுமி மேபல் அப்போதுதான் கடும் காய்ச்சலிலிருந்து தேறிவந்த நேரம். கதறித் திமிறிய குழந்தையை வலுக்கட்டாயமாகத் தூக்கிப் போனார்கள் என்று அன்னி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மேல்முறையீட்டிலும் மகள் திரும்பக் கிடைக்கவில்லை. பார்க்கப் போகும் உரிமை கிடைத்தது. ஆனால் அந்தச் சந்திப்புகள் குழந்தைகளை அலைக்கழித்ததால், அவர்கள் வளர்ந்து வரும்வரை பார்ப்பதையே நிறுத்திக்கொண்டார். பெரியவர்களானதும் மகளும் மகனும் தாமாகவே தாயைத் தேடி வந்தார்கள்.

அப்படிப் பறிகொடுத்த தாய்தான் சென்னையில் இன்னொருவரின் பிள்ளைகளுக்காக வழக்காடினார். 1909-இல் நாராயணய்யா மகன்களோடு அடையாறுக்கு வந்தார். அவர்களில் ஒருவர் உலக குரு ஆகப் போகிறவர் என்று சபையினர் நம்பத் தொடங்கினார்கள். அவர்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம்பி நித்யானந்தா. 1910 மார்ச்சில் தகப்பனார் இருவரையும் பெசன்ட்டின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். படிப்புக்காகப் பிள்ளைகள் இங்கிலாந்து போனார்கள். சபையின் முக்கியஸ்தரான லெட்பீட்டரின் பக்கம் அவர்கள் போகக் கூடாது என்பது தகப்பனாரின் பிடிவாதம். அந்த நிபந்தனை காப்பாற்றப்படவில்லை என்று கண்டதும் 1912-இல் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டார். அது உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 1913-இல் நீதிபதி பேக்வெல் தகப்பனார் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் பெசன்ட் தோற்றார்.

1914-இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தலைகீழாக்கியது. தகப்பனின் பொறுப்பை இன்னொருவருக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது, அவர் அதைத் திரும்பப் பெறலாம் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. அதைவிட முக்கியமான குறை, அந்த இரண்டு பையன்களின் சார்பில் யாரும் ஆஜராகவில்லை, அவர்களுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பது. அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயது.

இந்தியாவின் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்திலேயே, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று எழுதியிருந்தது. ஏட்டில் இருந்தது நடைமுறைக்கு வர வெகுகாலம் பிடித்தது. 1956-ஆம் ஆண்டு இந்துச் சட்டமும் தகப்பனையே முதல் இயற்கைக் காப்பாளராக வைத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்றது. சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று அழுத்தமாகச் சொன்னது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதும் தாய் காப்பாளராக இருக்கலாம் என்பது, எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல்தான் உறுதியானது.

இன்று குடும்பநல நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவதும் உண்டு. மேபலுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. பிரிவது என்று முடிவெடுத்த பெற்றோர், வக்கீலைப் பார்க்கப் போகும் முன்பு வீட்டிலேயே பிள்ளையை உட்காரவைத்து, அதன் மனதில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று மட்டும் அதன்மேல் பாரத்தை ஏற்றிவிடக் கூடாது.