சங்குப்பூ: டீக்கும் சாயத்துக்கும் ஒரே கொடி. எதைப் பயன்படுத்தலாம், எதைத் தவிர்க்கணும்?

எலுமிச்சை பிழிந்ததும் நீலத்திலிருந்து ஊதாவாக மாறும் டீ. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதற்குக் காரணம் சங்குப்பூ. மலாயில் புங்கா தெலாங். வேலியில் தானாகவே படரும் இந்தக் கொடியை வீட்டில் வளர்ப்பது சுலபம். ஆனால் கொடியின் எல்லாப் பகுதியும் வாயில் போடக்கூடியது இல்லை.

இது புது டிரெண்டா?

இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு சொல்லும் மலர்களில் ஒன்றான 'கருவிளை' இதுதான். காக்கணம் என்றும் பெயர் உண்டு. கிளந்தானின் நாசி கெராபுக்கும், பல ஞோஞா பலகாரங்களுக்கும் நீல நிறம் தருவது இதே பூ.

நிறம் ஏன் மாறுது?

இதழில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கு. புளிப்பு சேர்ந்தால் அது ஊதா, இளஞ்சிவப்பு பக்கம் போகும். சமையல் சோடா சேர்த்தால் பச்சை பக்கம் திரும்பும்.

எப்படி வளர்ப்பது?

வெயிலும் மழையும் மாறி மாறி வரும் லாயாங் லாயாங் போன்ற ஊர்கள் இதற்கு ஏற்றவை. விதையின் தோல் கடினமானது. லேசாகக் கீறி, ஓர் இரவு தண்ணீரில் ஊற வைங்க. நல்ல வெயில் படும் இடத்தில், தண்ணீர் தேங்காத மண்ணில் நடுங்க. படர வேலியோ கயிறோ போதும். சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். செம்பனைத் தோட்டங்களில் மண்ணை மூட வளர்க்கும் கொடிகளைப் போல இதுவும் பயறு இனம். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், உரம் அதிகம் வேண்டாம்.

டீ போடுவது எப்படி?

காலையில் பறித்த பூவின் பச்சைக் காம்பை நீக்கிட்டு, நிழலில் நன்றாகக் காய வைங்க. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு கோப்பை வெந்நீரில் ஐந்தாறு பூக்கள், ஐந்து நிமிடம். டீக்குத் தனிச் சுவை குறைவு என்பதால் இஞ்சியோ செரையோ சேர்ப்பாங்க.

துணிக்குச் சாயம் போடலாமா?

போடலாம். படிகாரத் தண்ணீரில் ஊறிய பருத்தித் துணி நீலத்தைப் பிடிக்கும். ஆனால் வெயிலிலும் சலவையிலும் சீக்கிரம் வெளுத்துடும். உடுத்தும் துணியைவிட, சோறுக்கும் பலகாரத்துக்குமே இந்த நிறம் பொருத்தம்.

எதில் கவனம் தேவை?

முற்றிய விதையும் வேரும் பேதியை உண்டாக்கும். காய் பயறு போலவே இருப்பதால், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காய்களை அவ்வப்போது பறித்துடுங்க.

பூவைப் பற்றியும் எல்லா நாடுகளும் ஒரே முடிவில் இல்லை. அமெரிக்காவின் எஃப்டிஏ 2021-ல் பூவின் சாற்றைச் சில உணவு, பானங்களுக்கு நிறமூட்டியாக அனுமதித்தது. ஆனால் காய்ந்த பூவை உணவாக விற்கக் கேட்டபோது, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2022-ல் ஆட்சேபம் தெரிவித்தது. பூவிலுள்ள சைக்ளோடைடு என்ற புரதத் துணுக்குகள் பற்றிய பாதுகாப்புத் தகவல் போதாது என்பது அதன் வாதம்.

அதனால் எப்போதாவது ஒரு கோப்பை என்பது வேறு, மருந்து போலத் தினமும் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளும், தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேளுங்க. சர்க்கரை குறையும், எடை இறங்கும்னு சொல்லி விற்கும் பாக்கெட்டை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.