வளாக வலையமைப்பின் அடுக்குகள்

கல்லூரி, மருத்துவமனை போன்று ஒரே மதிலுக்குள் பல கட்டடங்கள் உள்ள இடத்தில் கணினிகளை இணைப்பது வளாக வலையமைப்பு. இதை அணுகல், பகிர்மானம், மையம் என மூன்று அடுக்குகளாக அமைப்பது வழக்கம். மாடிதோறும் இருக்கும் சுவிட்சுகள் அணுகல் அடுக்கு. கணினியும் வைஃபை கருவியும் இவற்றோடுதான் இணையும். ஒரு கட்டடத்தின் மாடிச் சுவிட்சுகள் எல்லாம் வந்து சேருமிடம் பகிர்மான அடுக்கு. கட்டடங்களுக்கு இடையிலான அதிவேகப் போக்குவரத்தை மைய அடுக்கு பார்த்துக்கொள்கிறது. சிறிய வளாகங்களில் கடைசி இரண்டுக்கும் ஒரே ஜோடி சுவிட்ச் போதும்.

இப்படிப் பிரிப்பதற்கு முதற்காரணம், ஓரிடத்துக் கோளாறு அங்கேயே அடங்க வேண்டும் என்பது. கோளாறு எப்படிப் பரவுகிறது என்று பார்ப்போம். வலைகளுக்கு இடையே செல்லும் ஐபி பொட்டலம் ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் அதன் ஆயுள் எண் ஒன்று குறையும். பூச்சியமானதும் அது கைவிடப்படும். சுவிட்சுகளுக்கிடையே ஓடும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அந்த எண்ணே கிடையாது. மேசையடியில் தொங்கும் கேபிளின் மறுமுனையை யாரோ சுவரிலுள்ள இன்னொரு சாக்கெட்டில் செருகினால் வளையம் உண்டாகி, எல்லாருக்கும் அனுப்பிய ஒரே செய்தி ஓயாமல் சுற்றும். சுவிட்சின் விளக்குகள் இடைவிடாமல் படபடக்கும். சில நொடிகளில் யாராலும் எதையும் அனுப்ப முடியாது.

இதைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையை வகுத்தார். உபரிப் பாதைகளை அது அடைத்து வைக்கும். ஓடும் பாதை அறுந்தால் திறந்துவிடும். ஆனால் வலை கட்டின்றி வளர்ந்தால் அதுவும் தடுமாறும். 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனையில் நடந்தது அதுதான். இரு மருத்துவமனைகள் இணைந்து உருவான அந்த நிறுவனத்தில், சுவிட்சோடு சுவிட்சாகக் கோத்த வலை, ஸ்பானிங் ட்ரீக்குப் பரிந்துரைத்த ஏழு தாவல் (ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) வரம்பைத் தாண்டியிருந்தது. வலை முடங்கியதும் பரிசோதனைக் குறிப்பும் மருந்துச் சீட்டும் பல நாட்கள் காகிதத்தில் ஓடின. நோயாளியின் படுக்கைவரை வந்து நிற்கும் இத்தகைய சேதத்தைத் தவிர்க்கத்தான், பகிர்மான அடுக்கில் ரூட்டிங் வைத்து ஒவ்வொரு கட்டடத்தையும் தனி எல்லையாக்குவது இன்று வலியுறுத்தப்படுகிறது.

அடுக்குகளை இணைக்கும் கேபிள்களிலும் கவனம் வேண்டும். செம்புக் கேபிளின் வரம்பு 100 மீட்டர். கட்டடங்களுக்கு இடையே, தொலைவு குறைவானாலும், ஃபைபரே சரி. மின்னல் தாக்கத்தைச் செம்பு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடத்திவிடும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு ஃபைபர் இணைப்புகள் தருவார்கள். அவற்றை வெவ்வேறு பாதையில் கொண்டுபோக வேண்டும். ஒரே பள்ளத்தில் புதைத்தால், பின்னாளில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்ட வரும் பொக்லைன் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும்.