நூல் விட்டுப் பார்த்த தலைநகர்

பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர் விட்ட நான்கே நாளில், 1952 டிசம்பர் 19 அன்று, ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். சென்னை நகரம் நீங்கலாக என்றும் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பிரிவினை விவகாரங்களை ஆராய்ந்த நீதிபதி வாஞ்சூ, சில காலம் சென்னையே ஆந்திரத்தின் தற்காலிகத் தலைநகராக இருக்கலாம் என்று 1953 பிப்ரவரியில் யோசனை சொன்னார்.

யோசனைதான், உத்தரவல்ல. டெல்லி உடனே முடிவும் சொல்லவில்லை. யார் எவ்வளவு கொதிக்கிறார்கள் என்று நூல் விட்டுப் பார்த்தார்கள் என்பதே என் கணிப்பு.

பதில் பலமாகவே வந்தது. முதல்வர் ராஜாஜி ஒப்பவில்லை. மேயர் செங்கல்வராயனின் மாநகராட்சியும் எதிர்த்தது. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்றார் ம.பொ.சி. மார்ச் 25-இல் நேரு நாடாளுமன்றத்தில் முடித்துவைத்தார்: ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும். அக்டோபர் 1-இல் அது கர்நூலுக்குப் போனது.

சென்னையிடம் கேட்டார்கள், சரி. திருவாலங்காட்டிடம்?

திருவாலங்காடு அடங்கிய திருத்தணி தாலுகா, 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாவட்டம் முழுதாக ஆந்திரத்துக்குப் போக, காரைக்கால் அம்மையாரின் ஆலங்காடும் கூடவே போயிற்று. இங்கே யாரும் நூல் விட்டுக்கூடப் பார்க்கவில்லை. முன்பு ராஜேந்திர சோழன் ஆலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்தபோது, பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, நாட்டார் உடன் நடந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். அந்தக் கொடையைப் பதிந்த செப்பேட்டில் அந்த நடை வாய்க்கால், மேடு என்று அங்குலம் அங்குலமாக வருகிறது. ஊரார் கண்ணெதிரே போட்ட எல்லை அது.

1953-இல் அந்த நடையும் இல்லை. மங்கலங்கிழார், விநாயகம் போன்ற உள்ளூர்க்காரர்கள் குரல் எழுப்பினார்கள், ம.பொ.சி. சிறை சென்றார். பிறகு எல்லைத் தகராற்றைத் தீர்க்க வந்த படாஸ்கர் கிராமத்தையே அலகாகக் கொண்டார்: எந்த ஊரில் எந்த மொழியினர் அதிகம், அடுத்த ஊரோடு தொடர்ச்சி உண்டா என்று பார்த்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியோடு திருவாலங்காடும் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது.

ஈடாக நாம் கொடுத்தது சத்தியவேடு பகுதி. திருத்தணி கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் பலர் பேசுவதே இல்லை. அடுத்த வாரம் அங்கே போவோம்.